கல்லுப்பில் இல்லாதது

"கடல்ல இருந்து வர்ற உப்புல அயோடின் இல்லாமயா போகும்?"

மதுரை சிம்மக்கல் பக்கத்து மளிகைக் கடைகளில் உப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். நியாயமான கேள்விதான். கடல்மீனில் அயோடின் உண்டு, கடற்பாசியில் உண்டு. அந்தத் தனிமத்தையே 1811இல் பெர்னார்ட் கூர்துவா என்ற பிரெஞ்சுக்காரர் கடற்பாசிச் சாம்பலில்தான் கண்டெடுத்தார். அப்படியிருக்க, கடல்நீரைக் காயவைத்து எடுத்த உப்பில் மட்டும் அது எப்படி இல்லாமல் போகும்?

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் எடை சுமார் 35 கிராம். அதே ஒரு லிட்டரில் இருக்கும் அயோடின் 50, 60 மைக்ரோகிராம்தான். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. இந்த அயோடின் துளியும் வீணாகாமல் உப்போடு ஒட்டிக்கொண்டு நம் அடுப்படி வரை வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்து கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் இருக்கும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150. ஒன்பதில் ஒரு பங்கு! நடப்பில் அதுவும் வந்து சேர்வதில்லை. பாத்தியில் உப்பு படிந்த பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு அயோடினில் பெரும்பங்கு வெளியேறிவிடும். தூத்துக்குடி அளங்கள் பலவற்றில் நேரடிக் கடல்நீரை விட, நிலத்தடியிலிருந்து இறைக்கும் உவர்நீரைத்தான் பாத்திக்கு விடுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் மதுரைக்கு வந்து இறங்கும் கல்லுப்பில், யாராவது அயோடினைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

அப்படிச் சேர்த்த உப்பு நம் வீடுகளில் எவ்வளவு இருக்கிறது? 2018-19இல் நியூட்ரிஷன் இன்டர்நேஷனல் அமைப்பும் டெல்லி எய்ம்ஸும் மற்ற சிலரும் சேர்ந்து நாடு முழுக்க வீட்டு உப்பைச் சேகரித்துச் சோதித்தார்கள். போதுமான அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களின் பட்டியலில் அதுதான் கடைசி இடம். கடலையே பார்க்காத ஜம்மு காஷ்மீரிலும் நாகாலாந்திலும் 99 சதவீதத்துக்கு மேல். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கே உப்பு விளைவித்துக் கொடுக்கும் மாநிலம் நம்முடையது.

இதில் முரண் ஏதும் இல்லை என்பதுதான் என் எண்ணம். உப்பு தொலைவிலிருந்து வரும் ஊரில் அது ஆலையில் சுத்திகரித்து, அயோடின் தெளித்து, பாக்கெட்டில் அடைத்துத்தான் வந்து சேரும். அளம் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு லாரியில் மூட்டையாக நேரே வந்து இறங்கிவிடும். தூத்துக்குடி மதுரைக்கு மூன்று மணி நேரத் தொலைவு. நமக்குக் கல்லுப்பு மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பதற்கும் பட்டியலில் கடைசியில் நிற்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

சரி, அயோடின் உடம்புக்கு எதற்கு? கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒட்டியிருக்கும் தைராய்டு சுரப்பிக்கு மட்டுமே என்று சொல்லிவிடலாம். அது சுரக்கும் ஹார்மோன்கள் இரண்டு: டி4, டி3. பெயரில் இருக்கும் எண் வேறொன்றும் இல்லை, ஒவ்வொரு மூலக்கூறிலும் உள்ள அயோடின் அணுக்களின் எண்ணிக்கைதான். அயோடின் இல்லாமல் அந்த ஹார்மோனைச் செய்ய உடம்புக்கு மாற்று வழியே கிடையாது. இதயம் எந்த வேகத்தில் துடிக்க வேண்டும், உடம்புச் சூடு எவ்வளவு இருக்க வேண்டும், சாப்பிட்டது எந்த வேகத்தில் செலவாக வேண்டும் என்பதையெல்லாம் நடத்துவது அதுதான்.

ரத்தத்தில் இந்த ஹார்மோன் குறைந்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்ற இன்னொரு ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பித் தைராய்டை முடுக்கும். கச்சாப் பொருளே இல்லாதபோது முடுக்கி என்ன பயன்? கிடைக்கும் கொஞ்சத்தையும் விடாமல் பிடிக்கப் பார்த்துச் சுரப்பி பெருக்கும். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இப்படிப் பெருத்தால் கழுத்தின் முன்பக்கம் வீங்கித் தெரியும். முன்கழுத்துக் கழலை என்பது அதுதான். ஒரு மனிதருக்கு எழுபது வருஷத்துக்குத் தேவைப்படும் அயோடின் முழுவதையும் சேர்த்தாலும் நான்கு கிராம் எட்டாது. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை ஒரே நாளில் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. உடம்பு சில மாதங்களுக்கு மேல் சேமித்து வைக்காது. அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்க வேண்டும். ஏழை பணக்காரர் எல்லோரும் தினமும், ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிடும் பொருள் எது என்று தேடியவர்கள் உப்பில் வந்து நின்றது அதனால்தான். சுவிட்சர்லாந்து 1922இலும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1924இலும் இதைத் தொடங்கிவிட்டன.

இந்தியாவில் இதை நிறுவிக் காட்டியவர் வுலிமிரி ராமலிங்கசுவாமி. ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்துக்காரர், பின்னாளில் டெல்லி எய்ம்ஸின் இயக்குநர். 1956இல் இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் அவரும் கூட்டாளிகளும் ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்த உப்பு, இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் சேர்த்த உப்பு, நடுவில் இருந்ததற்குச் சாதா உப்பு. ஐந்தாறு வருஷம் கழித்துப் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தபோது அயோடின் உப்பு தின்ற இரு வட்டாரங்களிலும் கழலை ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. சாதா உப்பு வட்டாரத்தில் அப்படியே இருந்தது. (அந்த நடு வட்டாரத்துப் பிள்ளைகளை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள்.) 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்ததற்கு இந்த ஆய்வுதான் அடித்தளம். இன்று நம் உப்பில் சேர்ப்பதும் அயோடேட்தான். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அயோடைடை விட அது தாக்குப்பிடிக்கும்.

காங்க்ராவால் ஒரு தீமையும் விளைந்தது. கழலை என்றால் மலைநாட்டு வியாதி, மழை மண்ணை அரித்து அயோடினைக் கொண்டுபோய்விடும் இடங்களுக்கு மட்டும் உரியது என்ற நினைப்பு பதிந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் நீலகிரியைச் சொல்வார்களே தவிர வைகைக் கரையைச் சொல்லமாட்டார்கள். சமவெளியிலும் குறைபாடு இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் ஒவ்வொன்றாகக் காட்டின. அதனால்தான் 1984இல், குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு மட்டும் என்று இல்லாமல் நாட்டில் உண்ணும் உப்பு முழுவதிலும் அயோடின் சேர்ப்பது என்று அரசு முடிவெடுத்தது. 1992இல் திட்டத்தின் பெயரிலிருந்தே கழலையை எடுத்துவிட்டு 'அயோடின் குறைபாட்டுக் கோளாறுகள்' என்று வைத்தார்கள்.

இந்தப் பெயர் மாற்றத்துக்குள் முக்கியமான சேதி ஒன்று இருக்கிறது. கழலை கண்ணுக்குத் தெரியும் பகுதி. தெரியாத பகுதி வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் மூளை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சிசுவுக்குத் தன் தைராய்டு வேலை செய்யத் தொடங்கியிருக்காது. மூளை உருவாகத் தேவைப்படும் ஹார்மோன் முழுவதும் தாயிடமிருந்துதான் வர வேண்டும். அதனால் தாயின் அயோடின் தேவை 150இலிருந்து 250 மைக்ரோகிராமாகக் கூடிவிடுகிறது. பால் கொடுக்கும் காலத்திலும் அதே அளவுதான். கடும் குறைபாடு இருந்தால் கரு கலையலாம், குழந்தை செவித்திறனும் பேச்சும் வளர்ச்சியும் குன்றிப் பிறக்கலாம். அந்த அளவுக்குப் போகாத குறைபாடுதான் என் கவலை. பிள்ளை பார்க்க நன்றாக இருக்கும், ஓடியாடும், பள்ளிக்கூடம் போகும். கணக்குதான் ஏறாது. பல ஆய்வுகளைத் திரட்டி 1994இல் வெளியான ஒரு தொகுப்பு, குறைபாடு உள்ள பகுதிப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பு சராசரியாக 13.5 புள்ளி குறைவதாகக் கணக்கிட்டது. பின்னால் வந்த கணக்குகள் இதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்கின்றன, ஆனால் குறைவே இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது மாதத்தில் விட்டுப்போனதைப் பிறந்த பிறகு எவ்வளவு அயோடின் கொடுத்தாலும் முழுதாகச் சரிக்கட்ட முடியாது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்குள்ளேயே அந்தக் காலத்தில் பாதி ஓடிவிடுகிறது. ஆகையால் கர்ப்பம் உறுதியான பிறகு உப்பை மாற்றிக்கொள்வது தாமதம். கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு முன்பே அந்த வீட்டு அடுப்படியில் அயோடின் உப்பு இருக்க வேண்டும்.

இங்கேதான் பெரிய குழப்பம் ஒன்று வருகிறது. அதைக் கொஞ்சம் நின்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தெருவுக்கு நாலு பேராவது தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். உடம்பு போடுகிறது, முடி கொட்டுகிறது, அசதி, மாதவிலக்கு தப்புகிறது என்று போய் ரத்தம் பார்த்தால் டி.எஸ்.எச். கூடியிருக்கும். இவர்களிடம் இரண்டு விதமான அறிவுரை வந்து சேரும். "அயோடின் உப்பு நிறையச் சேர்த்துக்கோக்கா, சரியாயிரும்" என்பது ஒன்று. "அயோடின் உப்பாலதான் இது வந்துச்சு, முதல்ல அத நிறுத்து" என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்க வேண்டாம்.

சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் பெரியவர்களில் 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவாகச் சுரப்பது தெரிந்தது. ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர். அயோடின் உப்பு பரவியுள்ள நகரங்களில் வரும் இந்தக் கோளாறுக்கு முதன்மையான காரணம் அயோடின் குறைவு அல்ல. உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் தைராய்டையே வேற்றாளாக எண்ணித் தாக்கி அழிப்பதுதான். 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயரால் அழைக்கிறார்கள். பட்டறையே இடிந்துபோன பிறகு கச்சாப் பொருளைக் கொண்டுவந்து கொட்டி என்ன செய்வது? அதனால்தான் இவர்களுக்கு அயோடின் கொடுப்பதில்லை, செய்து முடித்த டி4 ஹார்மோனையே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். உப்பை மாற்றியதால் மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது அறிவுரையில் ஒரு துளி உண்மை உண்டு. மக்கள் உண்ணும் அயோடின் திடீரென்று கூடினால் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாவது சில நாடுகளில் கூடியிருக்கிறது. சீனாவிலும் டென்மார்க்கிலும் இதைக் கவனித்திருக்கிறார்கள். இலங்கையில் 1995இல் அயோடின் உப்பைக் கட்டாயமாக்கிய பிறகு பள்ளிப் பெண்களிடம் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டதாக ஆய்வு வந்தது. பிறகு அங்கே உப்பில் சேர்க்கும் அளவைக் குறைத்தார்கள். இதிலிருந்து கிடைக்கும் பாடம் அளவு பற்றியது. முன்பு சொன்ன 2018-19 ஆய்வில் சிறுநீரில் வெளியேறும் அயோடினின் நடு அளவு லிட்டருக்கு 173.4 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் போதுமானது என்று சொல்லும் 100 முதல் 199 வரைக்குள் அது வருகிறது. மிகை என்பது 300க்கு மேல். சமையலுப்பில் இருக்கும் அயோடினால் அந்த எல்லையைத் தாண்டுவது கடினம். இணையத்தில் வாங்கும் கடற்பாசி மாத்திரைகளால் தாண்டிவிடலாம், அவற்றைக் கேட்காமல் விழுங்க வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண் அயோடின் உப்பில் சமைக்கலாம். அந்தச் சோற்றை அவர் மட்டுமா சாப்பிடுகிறார்? வீட்டில் மருமகள் இருப்பாள், பேத்தி இருப்பாள். ஒருவரின் நோய்க்காக வீட்டு உப்பையே மாற்றினால் நட்டம் அவர்களுக்குத்தான்.

மாத்திரையைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கால்சியம் மாத்திரையும் சத்து மாத்திரை என்று கொடுக்கும் இரும்பு மாத்திரையும் நான்கு மணி நேரமாவது தள்ளியே இருக்கட்டும். சேர்த்துப் போட்டால் அவை டி4ஐப் பிடித்துவைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்சாது. மாத்திரை ஒழுங்காகப் போட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று வருபவர்கள் பலருக்குச் சிக்கல் இந்த நேரக் கணக்கில்தான். மாத்திரையில் இருக்கும் பெண் கர்ப்பமானால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். குழந்தை பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தாயின் உப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும், இந்தியாவில் ஆயிரம் குழந்தைக்கு ஒன்று என்ற கணக்கில் தைராய்டு சரியாக உருவாகாமலோ வேலை செய்யாமலோ பிறக்கிறது. முதல் இரண்டு வாரங்களுக்குள் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும். ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் அப்படி வளராது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1998இல் மத்திய அரசு அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதைத் தடை செய்தது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. சிறு உப்பு உற்பத்தியாளர்கள் பெரிய நிறுவனங்கள்தான் லாபமடையும் என்றார்கள். காந்தியவாதிகள் உப்பு சத்தியாகிரகத்தையே நினைவூட்டினார்கள். மதுரைக்காரர்கள் இதில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம்: 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த ராஜாஜியின் பெயரில்தான் நம் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. தைராய்டு பார்க்க வரும் ஏழைகள் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். 2000இல் தடை விலக்கப்பட்டது. சில வருஷங்களில் அயோடின் உப்பின் பரவல் சரிந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது 2006 மே மாதத்திலிருந்து தடை மீண்டும் வந்தது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இப்படி ஒரு விதி போட அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் அரசு வேறு ஏற்பாடு செய்துகொள்ள ஆறு மாதம் அவகாசம் கொடுத்து, அதுவரை விதி நீடிக்கட்டும் என்றது. பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒழுங்குமுறைகளில் அந்தத் தடை இடம்பிடித்தது. இன்று கடையில் விற்கும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி.

எதிர்த்தவர்களில் எல்லோரும் அறியாமையால் எதிர்த்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். உப்பைப் போன்ற பொருளில் அரசு கை வைக்கும்போது கேள்வி எழுவது நல்லதே. சிறு உற்பத்தியாளரின் கவலையும் பொய்யில்லை. அயோடேட் செலவு கிலோவுக்கு மிகச் சொற்பம், ஆனால் தெளிக்கும் இயந்திரம், சோதனைக்கூடம், பாக்கெட் எல்லாம் சேரும்போது சுமைதான். அதற்குச் சரியான தீர்வு அவர்களுக்கு உதவுவது. வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பணயம் வைப்பது தீர்வாகாது. பொதுத்துறையிலும் வழி இருந்தது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளங்கள் இருக்கின்றன. இரும்பும் அயோடினும் சேர்த்த அதன் உப்பு சத்துணவுக்குப் போகிறது. 2014 ஜூனில் 'அம்மா உப்பு' என்ற பெயரில் அதையே மக்களுக்கும் கொண்டுவந்தபோது சாதாரண அயோடின் தூள் உப்பு கிலோ 14 ரூபாய், இரட்டைச் சத்து உப்பு 21, சோடியம் குறைந்தது 25.

சட்டம் இருந்தும் 61.9 ஏன்? கீழமாசி வீதியின் மொத்தக் கடைகளையும் அதைச் சுற்றியுள்ள சில்லறைக் கடைகளையும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். "பாக்கெட்டாக்கா, லூஸா?" என்று கேட்டால் இன்னும் நிறையப் பேர் கை காட்டுவது மூட்டையை. சாம்பாருக்குக் கல்லுப்புதான் ருசி, கைப்பிடி அளவு பழகிவிட்டது, தூளுப்பு கூடிப்போகிறது, ஊறுகாய்க்குத் தூளுப்பு போட்டால் கறுத்துவிடும் என்று காரணங்கள் வரும். ஊறுகாய் பற்றிய பயம் வீண், இந்த அளவு அயோடின் நிறத்தையும் ருசியையும் மாற்றுவதில்லை. ருசி, கைப்பழக்கம் என்பவற்றோடு நான் வாதாட வரவில்லை. கல்லுப்பே வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பும் பாக்கெட்டில் வருகிறது, அதை வாங்கலாம்.

மூட்டையில் இருக்கும் சிக்கல் வேறு. அயோடேட் கரைசல் பெரிய கற்களின் மேலேதான் படியும், உள்ளே போகாது. ஈரம் கசிந்தால் அயோடினும் அதோடு கீழே இறங்கும். மேலே இருப்பதில் குறைவு, அடியில் அதிகம், சாக்கு வழியே வழிந்தது கணக்கிலேயே இல்லை. நம் ஊரில் உப்பு மூட்டையை யாரும் திருடமாட்டார்கள் என்று இரவில் கடைக்கு வெளியிலேயே விட்டுவிட்டுப் போவது பழக்கம். அழகான நம்பிக்கைதான், ஆனால் பகலெல்லாம் வெயிலும் ராத்திரியெல்லாம் பனியும் பட்ட உப்பில் அளத்தில் தெளித்தது எத்தனை பங்கு மிஞ்சும்? வீட்டுக்குள்ளும் இதே கதை நடக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைத்த உப்புச் சாடியில் ஆவி பட்டுக்கொண்டே இருக்கும். மூடி இறுக்கமான பாத்திரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, குழம்பு இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் இழப்பு குறையும்.

அண்மைக் காலத்தில் இன்னொரு புது வழி திறந்திருக்கிறது: இந்துப்பு. இளஞ்சிவப்பு நிறத்தில், சாதா உப்பைப் போலப் பல மடங்கு விலையில், உடம்புக்கு நல்லது என்ற பேரோடு வசதியான வீடுகளுக்குள் வந்துவிட்டது. மலையிலிருந்து வெட்டியெடுக்கும் அதில் சொல்லிக்கொள்ளும்படி அயோடின் கிடையாது. ஏழை வீட்டுக்கு லூஸ் உப்பு எப்படியோ, வசதியான வீட்டுக்கு இந்துப்பு அப்படி. செலவு செய்து குறைபாட்டை வாங்குகிறோம்.

பிரஷர் இருப்பவர்களுக்கு ஒரு நியாயமான சந்தேகம் வரும். உப்பைக் குறை என்று ஒரு டாக்டர் சொல்கிறார், அயோடினுக்கு உப்பைச் சாப்பிடு என்று நீ சொல்கிறாயே? உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளுக்கு ஐந்து கிராம் உப்பு. கிலோவுக்கு 15 மில்லிகிராம் உள்ள உப்பில் ஐந்து கிராம் சாப்பிட்டால் கிடைப்பது 75 மைக்ரோகிராம், தேவையில் பாதி. 30 மில்லிகிராம் இருந்தால் ஐந்து கிராமிலேயே 150 வந்துவிடும். அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டியதில்லை. போடுகிற கொஞ்ச உப்பும் புதிதாகவும் அயோடின் குறையாததாகவும் இருந்தால் போதும். மிச்சம் பால், தயிர், முட்டை வழியாக வரும். ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் கடல்மீனில் நல்ல அளவு உண்டு, கண்மாய் மீனில் அவ்வளவு இல்லை. முட்டைக்கோஸ், மரவள்ளி, கம்பு போன்றவற்றில் தைராய்டு அயோடினை எடுப்பதையோ பயன்படுத்துவதையோ தடுக்கும் பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் அயோடின் போதுமான அளவில் கிடைக்கும் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் கோஸ் பொரியலும் சித்திரை வெயிலுக்குக் கம்பங்கூழும் ஒன்றும் செய்யாது. சோடியம் குறைந்த உப்பில் அதற்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது.

வீட்டு உப்பைச் சோதிக்க ஒரு எளிய வழியை உணவுப் பாதுகாப்பு ஆணையமே வெளியிட்டிருக்கிறது. உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய முகத்தில் உப்பைத் தூவி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. அயோடின் இருந்தால் நீலம் படரும். எலுமிச்சைச் சாறு அயோடேட்டிலிருந்து அயோடினை விடுவிக்கிறது, அது கிழங்கின் மாவுச்சத்தோடு சேர்ந்து நீலமாகிறது. சும்மா சோற்றுக் கஞ்சியில் உப்பைப் போட்டு நீலம் வரவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அயோடேட் அப்படித் தானாக நிறம் காட்டாது. உருளைக்கிழங்கு சோதனையும் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு என்பதைச் சொல்லாது. அதற்குச் சோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

கடையில் வாங்கும்போது பாக்கெட்டில் 'அயோடின் சேர்த்த உப்பு' என்ற சொல்லையும் பாக்கெட் போட்ட மாதத்தையும் பாருங்கள், பழசை விட்டுப் புதுசை எடுங்கள். மூட்டை உப்பை வாங்கத்தான் வேண்டும் என்றால் அந்த மூட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று ஒரு முறை வாசித்துவிடுங்கள். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு, பதப்படுத்த, கால்நடைக்கு என்று எழுதி அயோடின் இல்லாத உப்பை விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது கருவாடு போடவும் திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் தோலைப் பாடம் செய்யவும் வந்த சரக்கு.